டிஸ்சார்ஜ் சம்மரியை நீங்களே படிக்கலாம்: மருத்துவச் சொற்களைப் பிரித்துப் பார்க்க ஒரு வழிகாட்டி

வீட்டில் ஒருவரை ஆஸ்பத்திரியில் சேர்த்து, ஒரு வழியாக வீட்டுக்குக் கூட்டிவரும்போது கையில் கனமான ஒரு ஃபைலைக் கொடுத்து அனுப்புவார்கள். அதில் இருக்கும் முக்கியமான சொற்களில் பெரும்பாலானவை ஆங்கிலமே இல்லை, கிரேக்கமும் லத்தீனும்தான். அதனால்தான் ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களும் அதைப் பார்த்து விழிக்கிறார்கள். அப்பாவின் சிகிச்சைக்காக அலைந்த காலத்தில் அந்த ஃபைலைச் சுமந்து திரிந்தது நான்தான். என்ன எழுதியிருக்கிறது என்று எடுத்துச் சொல்ல ஆள் கிடைக்காமல் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டதை, இப்போது அதே வேலையைத் தொடங்குபவர்களுக்காக எழுதுகிறேன்.

ஒரு எல்லையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது ஃபைலைப் புரிந்துகொள்வதற்கும் டாக்டரிடம் சரியான கேள்வியைக் கேட்பதற்கும்தான். படித்ததை வைத்து நீங்களாக மருந்தை நிறுத்தவோ, அளவைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

1. காகிதங்களைச் சேருங்கள்

சொற்களுக்குப் போகும் முன் எல்லாக் காகிதமும் கையில் இருக்க வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரி, லேப் ரிப்போர்ட்டுகள், ஸ்கேன், மருந்துச் சீட்டு. ஆபரேஷன் நடந்திருந்தால் ஆபரேஷன் நோட்ஸ், சதை எடுத்துச் சோதித்திருந்தால் பயாப்சி ரிப்போர்ட். ஸ்கேனில் ஃபிலிம் மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள், எழுத்தில் உள்ள ரிப்போர்ட்தான் உங்களுக்குத் தேவை. ஈ.சி.ஜி. தாள் நாளாக நாளாக மங்கிப்போகும் வகை. அன்றே ஜெராக்ஸ் எடுங்கள், செல்போனிலும் படம் பிடித்துவையுங்கள்.

ஆஸ்பத்திரியில் ஆவணம் தரத் தயங்கினால் ஒன்றை நினைவில் வையுங்கள். 2002ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் நடத்தை விதிகளின்படி, நோயாளியோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும். உள்நோயாளியின் ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் பாதுகாக்கவும் வேண்டும். வாய்மொழியாகக் கேட்காமல் எழுதிக் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்குங்கள். அந்த 72 மணி நேரம் எப்போது தொடங்கியது என்பதற்கு அதுதான் சாட்சி. செலவு என்று பார்த்தால் ஜெராக்ஸ் காசும், குறித்து வைக்க ஒரு நோட்டுப் புத்தகமும்தான்.

2. சொல்லின் வாலைப் பாருங்கள்

பள்ளியில் பகுபத உறுப்பிலக்கணம் படித்தவர்களுக்கு இந்த வேலை பாதி தெரியும். மருத்துவச் சொல்லுக்கும் பகுதி, விகுதி உண்டு. பெரும்பாலும் உறுப்பின் பெயர் பகுதியாக வரும், அந்த உறுப்புக்கு என்ன ஆயிற்று என்பதை விகுதி சொல்லும். இரண்டையும் சேர்க்க நடுவில் வரும் 'ஓ' ஒலி சாரியை போல. அதற்குத் தனிப்பொருள் கிடையாது.

எனவே சொல்லை வாய்விட்டு வாசித்து, கடைசியிலிருந்து பிரியுங்கள். கோலிசிஸ்டெக்டமி என்று இருக்கிறதா? 'எக்டமி' என்றால் வெட்டி எடுத்தல். 'சிஸ்ட்' என்றால் பை. 'கோலி' என்றால் பித்தநீர். பித்தப்பையை எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

முதல் வாரம் இந்த விகுதிகள் போதும்:

ஐட்டிஸ்: அழற்சி. ஹெபடைட்டிஸ் கல்லீரல் அழற்சி, ஆர்த்ரைட்டிஸ் மூட்டு அழற்சி.
ஈமியா: ரத்தம் சம்பந்தப்பட்டது. அனீமியா ரத்தசோகை, யுரீமியா ரத்தத்தில் யூரியா போன்ற கழிவுகள் சேர்தல்.
யூரியா: சிறுநீர் சம்பந்தப்பட்டது. ஹெமட்யூரியா என்றால் சிறுநீரில் ரத்தம், புரோட்டீன்யூரியா என்றால் சிறுநீரில் புரதம். (ரத்தப் பரிசோதனையில் 'யூரியா' என்று தனியாக வருவது ஒரு கழிவுப்பொருளின் பெயர். அது வேறு.)
பெனியா: பற்றாக்குறை. கிரேக்கத்தில் வறுமை என்று பொருள்.
மெகலி: பெரிதாகியிருக்கிறது. ஹெபடோமெகலி கல்லீரல் வீக்கம், ஸ்பிளினோமெகலி மண்ணீரல் வீக்கம்.
பதி: நோய், பாதிப்பு. சர்க்கரை நோயாளிகளின் ஃபைலில் நியூரோபதி (நரம்பு), நெஃப்ரோபதி (சிறுநீரகம்), ரெட்டினோபதி (விழித்திரை) மூன்றும் அடிக்கடி வரும்.
லித்தியாசிஸ்: கல். 'லித்தோஸ்' என்றால் கல்.
ஸ்டெனோசிஸ்: குறுகிப்போதல்.
பிளாஸ்டி: சீரமைத்தல்.

டெங்கு வந்து சேர்ந்தவர்களின் சம்மரியில் திராம்போசைட்டோபெனியா என்று நீளமாக ஒரு சொல் இருக்கும். திராம்போஸ் என்றால் உறைகட்டி, சைட் என்றால் உயிரணு, பெனியா என்றால் பற்றாக்குறை. ரத்தம் உறைய உதவும் அணுக்கள் குறைந்துவிட்டன, அதாவது பிளேட்லெட் குறைவு. வழக்கமாக ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 1.5 லட்சம் முதல் 4.5 லட்சம் வரை இருக்க வேண்டியது. லேப் ரிப்போர்ட்டில் உள்ள எண்ணோடு சேர்த்துப் பாருங்கள். சொல்லும் எண்ணும் ஒன்றையொன்று உறுதிசெய்யும்போது படிக்கவே தைரியம் வரும்.

இங்கே ஒரு பொறி. ஆட்டமி, ஆஸ்டமி, எக்டமி மூன்றும் காதுக்கு ஒன்றுபோல இருக்கும். ஆட்டமி என்றால் வெட்டித் திறத்தல். எக்டமி என்றால் எடுத்துவிடுதல். ஆஸ்டமி என்றால் வாய் வைத்தல், ஏனெனில் 'ஸ்டோமா' என்பதே கிரேக்கத்தில் வாய். கொலோஸ்டமி என்றால் பெருங்குடலுக்கு வயிற்றுத் தோலில் ஒரு வாய் வைத்திருக்கிறார்கள், அதற்குப் பை மாட்டிப் பராமரிக்க வேண்டும். கொலெக்டமி என்றால் பெருங்குடலை, அல்லது அதில் ஒரு பகுதியை, எடுத்துவிட்டார்கள். வீட்டில் பார்த்துக்கொள்கிறவருக்கு இரண்டும் முற்றிலும் வேறு வேலை.

3. உறுப்புகளுக்கு இரண்டு பெயர்

புதிதாகப் படிப்பவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். ஒரே உறுப்பு லத்தீனில் ஒரு பெயரோடும் கிரேக்கத்தில் இன்னொரு பெயரோடும் ஃபைலுக்குள் உலவும். சிறுநீரகத்துக்கு லத்தீனில் ரென், கிரேக்கத்தில் நெஃப்ரோஸ். அதனால் ரிப்போர்ட்டில் 'ரீனல்' என்று இருக்கும், நீங்கள் பார்க்க வேண்டிய டாக்டரின் போர்டில் 'நெஃப்ராலஜி' என்று இருக்கும். நுரையீரலுக்குப் பல்மோ, நியூமோன். மார்பகத்துக்கு மம்மா, மாஸ்டோஸ், அதிலிருந்துதான் பரிசோதனைக்கு மம்மோகிராம் என்றும் ஆபரேஷனுக்கு மாஸ்டெக்டமி என்றும் பெயர். தோலுக்குக் கியூட்டிஸ், டெர்மா. நாக்குக்கு லிங்குவா, கிளாசா. 'சப்லிங்குவல்' என்று எழுதிய மாத்திரையை நாக்குக்கு அடியில் வைக்க வேண்டும், விழுங்கக் கூடாது.

நோட்டில் ஒரு பக்கத்தை இரண்டாகப் பிரித்து இந்த ஜோடிகளை எழுதுங்கள். எல்லா உறுப்பும் தேவையில்லை. உங்கள் வீட்டு நோயாளியின் ஃபைலில் வரும் உறுப்புகள் மட்டும் போதும்.

வாசிக்கும்போது ஒரு குறிப்பு. எழுத்தில் 'பி' (P) என்று தொடங்கி, வாசிப்பில் அந்த ஒலி வராவிட்டால் அது பெரும்பாலும் கிரேக்கம். நியூமோனியா, சைக்கியாட்ரி எல்லாம் அப்படித்தான். இணையத்தில் தேடும்போது காதால் கேட்டதை வைத்து எழுதினால் கிடைக்காது, காகிதத்தில் உள்ள எழுத்தைப் பார்த்துத் தட்டுங்கள்.

4. முன்னொட்டில் ஓரெழுத்து மாறினால் பொருள் தலைகீழ்

ஹைப்பர் என்றால் அதிகம். ஹைப்போ என்றால் குறைவு. கையெழுத்தில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கும். ஹைப்பர்கிளைசீமியா சர்க்கரை கூடியது, ஹைப்போகிளைசீமியா சர்க்கரை இறங்கியது. இரண்டுக்கும் செய்ய வேண்டியது நேர்மாறு. சந்தேகம் வந்தால் ஊகிக்காமல் லேப் எண்ணைப் பாருங்கள்.

வயதானவர்களின் ஃபைலில் ஹைப்போநேட்ரீமியா, ஹைப்போகேலீமியா என்று இரண்டு சொற்கள் அடிக்கடி வரும். நேட்ரியம் என்றால் சோடியம், கேலியம் என்றால் பொட்டாசியம். ரிப்போர்ட்டில் இவற்றின் குறியீடு என்.ஏ., கே. என்று இருப்பதற்குக் காரணம் இந்தப் பழைய பெயர்கள்தான். சோடியம் ஏறத்தாழ 135 முதல் 145 வரையும், பொட்டாசியம் ஏறத்தாழ 3.5 முதல் 5 வரையும் இருப்பது வழக்கமான அளவு. லேபுக்கு லேப் சற்று மாறும், உங்கள் தாளின் ஓரத்தில் அச்சாகியிருக்கும் அளவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஹைப்போகேலீமியாவையும் ஹைப்போகால்சீமியாவையும் ஒன்றென்று நினைத்துவிடாதீர்கள். பின்னது கால்சியம் குறைவு.

மற்ற முன்னொட்டுகள் எளிது. டாக்கி வேகம், பிராடி மந்தம், பாலி அதிகம், ஆலிகோ சொற்பம், ஹெமி பாதி, டிஸ் சிரமம், அ அல்லது அன் இல்லாமை. ஒரே ஒரு ஜோடியை மட்டும் சொல்லிவிடுகிறேன்: டிஸ்ஃபேஜியா என்றால் விழுங்குவதில் சிரமம், டிஸ்ஃபேசியா என்றால் பேச்சில் சிரமம். பக்கவாதம் வந்தவர்களின் ஃபைலில் இரண்டுமே வரும். முதலாவது எழுதியிருந்தால், எதை எப்படிச் சாப்பிடக் கொடுக்கலாம் என்று கேட்காமல் வாயில் எதுவும் கொடுக்காதீர்கள்.

5. ஏமாற்றும் சொற்கள்

சொல்லைப் பிரித்துப் பொருள் சொல்லத் தொடங்கியதும் ஒரு தெம்பு வரும். அந்தத் தெம்பில்தான் சறுக்குவோம். பிரித்த பொருள் வழிகாட்டும், ஆனால் அதுவே நோய் நிர்ணயம் ஆகாது. மலேரியா என்ற சொல்லுக்கு இத்தாலியத்தில் கெட்ட காற்று என்று பொருள், நோயைப் பரப்புவதோ கொசு.

'ஓமா' என்று முடிந்தாலே புற்றுநோய் என்று குடும்பமே கலங்கிவிடுகிறது. கார்சினோமா, லிம்ஃபோமா, மெலனோமா புற்றுநோய்கள்தான். ஆனால் லைப்போமா என்பது பெரும்பாலும் தீங்கில்லாத கொழுப்புக் கட்டி, ஹெமட்டோமா என்பது ரத்தக்கட்டு, கிளாக்கோமா என்பது கண் நரம்பைப் பாதிக்கும் நோய். பயாப்சி ரிப்போர்ட்டில் 'பினைன்' என்றால் தீங்கற்றது, 'மாலிக்னன்ட்' என்றால் புற்றுத்தன்மை கொண்டது. 'நெகட்டிவ் ஃபார் மாலிக்னன்சி' என்றால் நல்ல செய்தி.

ஐட்டிஸ் என்றால் கிருமித்தொற்று என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸில் அழற்சி உண்டு, ஆனால் அது தொற்று அல்ல, ஒட்டிக்கொள்ளாது.

சிரோசிஸ் என்ற சொல்லைப் பார்த்ததும் 'இவர் குடிப்பாரா?' என்று சுற்றியிருப்பவர்கள் கேட்பார்கள். அந்தச் சொல்லில் குடி என்பதே இல்லை. 'கிர்ரோஸ்' என்ற கிரேக்கச் சொல் பழுப்பு மஞ்சள் நிறத்தைக் குறிப்பது, கெட்டுப்போன கல்லீரலின் நிறத்தை வைத்து வந்த பெயர். ஹெபடைட்டிஸ் பி, சி வைரஸ்களாலும் கொழுப்புக் கல்லீரலாலும் இது வரும். வாழ்நாளில் ஒரு சொட்டு தொடாதவர்களுக்கும் வருகிறது. நோயோடு அவமானத்தையும் சேர்த்துச் சுமக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

'அக்யூட்' என்றால் திடீரென்று தொடங்கியது, 'க்ரானிக்' என்றால் நாள்பட்டது. க்ரானிக் என்றால் ரொம்ப மோசம் என்று பொருள் இல்லை. 'எசென்ஷியல் ஹைப்பர்டென்ஷன்' என்றால் தனிக்காரணம் எதுவும் கண்டறியப்படாத ரத்தக்கொதிப்பு. 'ஹார்ட் ஃபெயிலியர்' என்றால் இதயம் நின்றுவிட்டது என்று அர்த்தமில்லை, உடம்புக்குத் தேவையான அளவு ரத்தத்தை அதனால் செலுத்த முடியவில்லை.

'டோட்டல் ஹிஸ்டரெக்டமி' செய்துகொண்ட பெண்கள் கவனிக்க: டோட்டல் என்றால் கர்ப்பப்பையும் அதன் வாயும்தான். இரு பக்கக் கருக்குழாய்களையும் சினைப்பைகளையும் எடுத்திருந்தால் 'பைலேட்டரல் சால்பிங்கோ ஊஃபரெக்டமி' என்று தனியாக எழுதியிருப்பார்கள். எலும்புத் தேய்மானம், ஹார்மோன் பற்றி எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் கேட்பது இதைத்தான்.

நம் தமிழ்ச் சொற்களும் சில நேரம் குழப்பும். பக்கவாதம், முடக்குவாதம், இளம்பிள்ளைவாதம் மூன்றிலும் 'வாதம்' இருக்கிறது. முதலாவது மூளையின் ரத்த ஓட்டம் தடைபடுவதாலோ அங்கே ரத்தம் கசிவதாலோ வருவது, இரண்டாவது மூட்டு நோய், மூன்றாவது போலியோ. ஒன்றோடொன்று தொடர்பே இல்லை. 'பித்தம் ஏறிவிட்டது' என்று நாம் சொல்வதற்கும் பித்தப்பைக்கும் தொடர்பில்லை. கேஸ்ட்ரைட்டிஸ் என்பதில் உள்ள 'கேஸ்டர்' இரைப்பை, நாம் பேச்சில் சொல்லும் 'கேஸ்' அல்ல. நெஞ்சு இறுக்கமோ, இடது கை வலியோ, வியர்வையோ வந்தால் 'கேஸ்தான்' என்று சோடா குடித்துக் காத்திருக்காதீர்கள். உடனே 108ஐ அழையுங்கள்.

6. ஃபைலுக்குள் இருக்கும் சுருக்கெழுத்துகள்

'சி/ஓ' என்றால் நோயாளி சொன்ன தொந்தரவு. 'எச்/ஓ' என்றால் முன்பு இருந்தது. 'கே/சி/ஓ' என்றால் ஏற்கெனவே இந்த நோய் உள்ளவர். 'ஆர்/ஓ' என்று போட்டு ஒரு நோயின் பெயர் இருந்தால், அந்த நோய் இல்லை என்று உறுதிசெய்யச் சோதிக்கிறார்கள் என்று பொருள், நோய் இருக்கிறது என்றல்ல. பெயருக்கு முன்னால் கேள்விக்குறி இருந்தாலும் சந்தேகம் மட்டும்தான்.

உடல் பரிசோதனைப் பகுதியில் பேலர், ஐக்டெரஸ், சயனோசிஸ், கிளப்பிங், லிம்ஃபடினோபதி, எடிமா என்று வரிசையாக இருக்கும். வெளிறல், மஞ்சள் காமாலை, நீலம் பாய்தல், விரல் நுனி தடித்தல், நெறிகட்டுதல், நீர் வீக்கம். இவ்வளவு நோயா என்று பதற வேண்டாம், இது எல்லா நோயாளிக்கும் பார்க்கும் பட்டியல். பக்கத்தில் கழித்தல் குறியோ 'நில்' என்றோ இருந்தால் அது இல்லை, கூட்டல் குறி இருந்தால் மட்டும் இருக்கிறது.

மருந்துச் சீட்டில் இருப்பது லத்தீன் சுருக்கம். ஓ.டி. தினம் ஒரு முறை, பி.டி. இரு முறை, டி.டி.எஸ். மூன்று முறை, எச்.எஸ். படுக்கும் நேரத்தில், ஏ.சி. சாப்பாட்டுக்கு முன், பி.சி. சாப்பாட்டுக்குப் பின், ஸ்டாட் உடனே. கண் டாக்டரின் சீட்டில் மட்டும் ஓ.டி. என்றால் வலது கண், ஓ.எஸ். என்றால் இடது கண். எஸ்.ஓ.எஸ். என்பதை ஆபத்துக்கால மருந்து என்று நினைப்பவர்கள் உண்டு. அது 'தேவைப்பட்டால்' என்பதன் லத்தீன் சுருக்கம். தேவைப்பட்டால் என்றால் எப்போது, ஒரு நாளில் அதிகபட்சம் எத்தனை என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

மூட்டு நோய்க்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒரு முறை மட்டும் போட வேண்டியது. தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்று சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.

7. ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் முன்

டிஸ்சார்ஜ் சம்மரியைப் படிக்க நல்ல நேரம், அது கைக்கு வந்ததற்கும் ஆட்டோ பிடிப்பதற்கும் இடைப்பட்ட நேரம்தான். வீட்டுக்குப் போனபின் திருத்தம் வாங்குவது பெரும்பாடு. காப்பீடு இருந்தால் எப்படியும் காத்திருக்க வேண்டியிருக்கும். ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் கோரிக்கை அனுப்பியதிலிருந்து 3 மணி நேரத்துக்குள் காப்பீட்டு நிறுவனம் இறுதி ஒப்புதல் தர வேண்டும் என்பது 2024இல் வந்த விதி. அந்த நேரத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

பெயர், வயது, வலதா இடதா என்பது, ஆபரேஷனின் பெயர், ஒவ்வாத மருந்து, இவற்றை முதலில் சரிபாருங்கள். அடுத்து, 'கே/சி/ஓ' என்று போட்டு எத்தனை ஆண்டுகளாக என்று எழுதியிருப்பார்கள். அந்த எண் மிக முக்கியம். எங்கள் விஷயத்தில் சில மாதங்களாக இருந்த ரத்தக்கொதிப்பைப் பல ஆண்டுகளாக இருப்பதாக ஒரு சம்மரியில் எழுதிவிட்டார்கள். பாலிசி எடுப்பதற்கு முன்பே நோய் இருந்தது என்று காப்பீட்டுத் தொகையை மறுக்க அந்த ஒரு வரி போதும். ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் இப்போது அதிகபட்சம் 36 மாதங்கள். ஆகவே உண்மையான கால அளவு எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். தவறிருந்தால் டாக்டரிடமே சொல்லி, திருத்தி, கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். நீங்களாகப் பேனாவால் அடித்து எழுதாதீர்கள். உண்மையில் இருந்த நோயை மறைக்கச் சொல்வதும் கூடாது, அது பின்னால் சிகிச்சைக்கே கெடுதல்.

8. எங்கே தேடுவது, எவ்வளவு நாளாகும்

காசு செலவழிக்கத் தேவையில்லை. தமிழ் விக்சனரியும், தமிழ்நாடு அரசின் சொற்குவை தளமும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் கலைச்சொல் தொகுப்பும் இலவசம். ஆங்கிலத்தில் அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் நடத்தும் மெட்லைன்பிளஸ் தளம் எளிமையாக இருக்கும், மருந்து விற்க முயலாது. சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் உட்கார்ந்து மருத்துவ அகராதிகளைப் பார்க்கலாம். புதிய அகராதி வாங்குவதென்றால் விலை அதிகம். பழைய நர்சிங் பாடநூல் ஒன்று கிடைத்தால் அதுவே ஏராளம்.

ஒரு நாளைக்கு அரை மணி நேரம் ஒதுக்கினால் ஒரு மாதத்துக்குள் உங்கள் வீட்டு ஃபைல் பிடிபட்டுவிடும். வேறொருவரின் ஃபைலைப் படிக்க இன்னும் நாளாகும். அந்த வேலையை இழுத்துப்போட்டுக்கொள்ள வேண்டாம்.

9. ரிவ்யூவுக்குப் போகும்போது

டாக்டரிடம் உங்களுக்குக் கிடைக்கப்போவது சில நிமிடங்கள். புரியாத சொற்களை முன்தினமே நோட்டில் எழுதி, பக்கத்தில் நீங்கள் பிரித்த பொருளையும் எழுதிக்கொள்ளுங்கள். 'இது என்ன?' என்று கேட்பதைவிட, 'இதை இப்படிப் புரிந்துகொண்டேன், சரியா டாக்டர்?' என்று கேட்டால் பதில் சீக்கிரமும் தெளிவாகவும் வரும். அவர் சொன்னதை அவர் எதிரிலேயே தமிழில் திருப்பிச் சொல்லுங்கள்.

அப்புறம், ஃபைலின் முதல் பக்கத்தில் தமிழில் ஒரு தாள் ஒட்டிவையுங்கள்: நோயின் பெயர், நடந்த ஆபரேஷனும் தேதியும், தினமும் போடும் மருந்துகள், ஒவ்வாத மருந்து, பார்க்கும் டாக்டரின் எண். நீங்கள் ஊரில் இல்லாத நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் அந்த ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருந்தால், அவரால் அதைப் படிக்க முடிய வேண்டும்.